சனிக்கிழமை அடுப்பு

ப்ரானாஸ் அந்த வீட்டுக் கதவில் சீல் வைத்து ஒட்டியிருந்த தாளைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனான். அதை ஒட்டியவனும் அவன்தான். புஜத்தில் வெள்ளைப் பட்டி, தோளில் துப்பாக்கி. ஜெர்மானியர் லித்துவேனியாவுக்குள் நுழைந்த மறுவாரமே உள்ளூர்ப் போலீஸில் சேர்ந்தவன். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. தானாகப் போய்ச் சேர்ந்தான்.

பன்னிரண்டு வருடமாகச் சனிக்கிழமை காலைகளில் இந்த வீட்டு அடுப்பை மூட்டியது அவன்தான். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள்; அன்று அவர்கள் நெருப்பைத் தொடமாட்டார்கள். வீட்டுக்காரி ஃப்ரூமா அம்மாள் அவனுக்கென்று ஒரு துண்டுப் பின்னல் ரொட்டியை ஜன்னலோரம் துணி போட்டு மூடி வைத்திருப்பாள். ஆகஸ்டில் கையில் பட்டியலோடு வந்து அவளை வெளியே கூப்பிட்டவனும் அவன்தான்.

"அடுப்பு அணைஞ்சிருச்சான்னு ஒரு தடவை பாத்துடுப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் லாரியில் ஏறினாள்.

காட்டில் குழி தயாராக இருந்தது. சுட்டவர்களில் ஜெர்மானியர் நாலே பேர். மீதி எல்லாம் ஊர்க்காரர்கள்; அந்த மீதியில் ப்ரானாஸும் உண்டு.

இன்று காலை அந்த வருடக் குளிர்காலத்தின் முதல் பனி விழுந்திருந்தது. விறகை அடுக்கி, ஊதி ஊதி மூட்டிவிட்டு, வழக்கம்போல ஜன்னலோரம் பார்த்தான். தூசிதான் இருந்தது. "போதும், உக்காருப்பா" என்று சொல்ல அந்த வீட்டில் ஆளில்லை.

புகையைப் பார்த்துவிட்டு, கூட வேலை பார்க்கும் விளாதாஸ் துப்பாக்கியும் கையுமாகக் கதவை உதைத்துக்கொண்டு வந்தான்.

"அட, நீயா! எவனோ தப்பிச்சு ஒளிஞ்சிருக்கான்னு மூச்சு வாங்க ஓடி வந்தேன். காலி வீட்ல யாருக்குடா அடுப்பு மூட்டுற?"

ப்ரானாஸ் அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இன்னிக்குச் சனிக்கிழமைடா" என்றான்.