ஒரே குரலில் ஒரு சாட்சி

நீலமேகத்தை அடிக்கும் சத்தம் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் கேட்டது. சதையில் லத்தி விழும் சத்தம் ஒரு மாதிரி, எலும்பில் விழும் சத்தம் வேறு மாதிரி. இரண்டும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. நடுநடுவே அவன் அலறினான். அலறுவதற்கு மட்டும் எங்களுக்குத் திக்காது.

எந்த ஸ்டேஷன் என்று எழுதப்போவதில்லை, எழுதினால் இன்னொரு தடவை கூப்பிடுவார்கள். அவனுக்குச் சாட்சி சொல்லப் போனவர்கள் மூன்று பேர். நான் துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டுகிறவன். வாய்க்கு வேலை இல்லாத வேலையாகத் தேடிப் பிடித்தேன். மங்கம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவள். ரஹீம் பாய் தையல்காரர். மூன்று பேரும் திக்குவாய். உள்ளே உதை வாங்கிக்கொண்டிருந்தவனும் திக்குவாய்தான்.

எங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். கொழும்பில் ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம் பேச்சுப் பயிற்சி கற்றுக்கொண்டு வந்த நர்ஸ் சுகிர்தம், இராயபுரத்தில் மரம் விற்கிற ஒரு மரவாடியின் மாடியில் அதைத் தொடங்கினார். நான் மருந்து ஊற்ற நீங்கள் குடித்துவிட்டுப் போக இது ஆஸ்பத்திரி இல்லை, நான் இல்லாவிட்டாலும் சங்கம் நடக்க வேண்டும் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் முறை வைத்து ஆளுக்கொரு வாரம் நடத்தினோம். முதலில் கூட்டுப் பேச்சு. முறைக்காரர் தொடையில் தாளம் தட்டுவார், எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். என்ன மாயமோ, கூடச் சேர்ந்து சொன்னால் எவனுக்கும் திக்காது. தனியாகச் சொன்னால் பழையபடி நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அந்த ஞாயிறு சுகிர்தம் ஊரில் இல்லை, அக்கா பிரசவத்துக்கு நாகர்கோவில் போயிருந்தார். மங்கம்மாவின் முறை. நீலமேகம் வெயில் தாழும் முன்பே வந்து பாய் விரித்தான், விளக்கு வைத்த பிறகுதான் கிளம்பினான். அதே சாயங்காலம், அவன் மூட்டை தூக்குகிற கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் இரண்டு கோஷ்டிக்கு அடிதடி. கல், தடி, மூட்டைக் கொக்கி, கையில் கிடைத்ததெல்லாம் பறந்தது. மேஸ்திரி வேம்புவின் கழுத்தில் யாரோ கொக்கியை இறக்கிவிட்டார்கள். அங்கேயே செத்தான்.

இந்த வேம்பு முந்தின வாரம்தான் எல்லார் முன்னாலும் நீலமேகம் மாதிரியே திக்கிக் காட்டிச் சிரித்திருந்தான். நீலமேகம் அவன் மூக்கை உடைத்தான். நல்லாத்தான் உடைத்தான், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை காலை போலீஸ் வந்தபோது எல்லா விரலும் அவனைத்தான் காட்டின. நேற்று சாயங்காலம் எங்கே இருந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். இவனுக்குத் தாடை பூட்டிக்கொண்டது. பொய் யோசிக்கிறான் என்று முடிவு கட்டி, வாயிலேயே அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

நாங்கள் ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது இன்ஸ்பெக்டர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ரஹீம் பாய் முதலில் போய்ச் சலாம் வைத்து வாயைத் திறந்தார். ஒரு எழுத்திலேயே நின்றார். பக்கத்தில் இருந்த ஏட்டு அதே எழுத்தை அவர் மாதிரியே இழுத்துக் காட்டிவிட்டு, இன்னாடா கிண்டலா என்று கன்னத்தில் ஒன்று விட்டான். குல்லாய் போய்ச் சுவரோரம் விழுந்தது. நான் பேச வாயைத் திறந்தேன், எனக்கும் பூட்டிக்கொண்டது.

அப்போதுதான் மங்கம்மா தொடையில் தட்டினாள். சங்கத்தில் தட்டுகிற அதே தட்டு. நாங்கள் இருவரும் அவள் முகத்தைப் பார்த்தோம். மூன்று வாயும் ஒன்றாகத் திறந்தன.

“ஞாயித்துக்கெழம சாய்ங்காலம் நீலமேகம் எங்க கூடதான் இருந்தான். வௌக்கு வெச்சப்புறம்தான் வூட்டுக்குப் போனான்.”

ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை, தடங்கவில்லை. என் ஜென்மத்தில் ஒரு போலீஸ்காரனிடம் அவ்வளவு சுத்தமாகப் பேசினதில்லை. எனக்குப் பெருமையில் மார்பு விம்மியது. இனி அவனை விட்டுவிடுவார்கள் என்றே நம்பினேன். திக்காமல் சொன்னால் போதும், உலகம் நம்பிவிடும் என்பதுதான் எங்கள் கணக்கு. மூன்று பேர் ஒரே மூச்சில் ஒப்பித்தால் கேட்கிறவன் காதில் அது எப்படி விழும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இன்ஸ்பெக்டர் காப்பியைக் கீழே வைத்தார்.

“எவன்டா மனப்பாடம் பண்ண வெச்சு அனுப்பினான்? இப்பத்தானே திக்கிச்சு, அதுக்குள்ள எங்க போச்சு?”

அதற்குப் பிறகு கேள்வி இல்லை, லத்திதான். ரஹீம் பாய் தலையை மறைக்கக் கையைத் தூக்கினார், முழங்கைக்குக் கீழே பட்டென்று முறிந்தது. கத்திரி பிடிக்கிற கை. மங்கம்மாவைக் கொண்டையைப் பிடித்து இழுத்து மேஜைக் காலில் மோதினான் ஏட்டு. நான் அவன் கழுத்தில் பாய்ந்தேன். ஒரு குத்துதான் விட முடிந்தது, அது சரியாக விழுந்தது. பிறகு பூட்ஸ் கால்கள் என் விலாவை எண்ணாமல் பதம் பார்த்தன.

கை ஓய்ந்ததும் நீலமேகத்தை வெளியே இழுத்து வரச் சொன்னார் இன்ஸ்பெக்டர். அவனால் நிற்க முடியவில்லை. ஒரு கண் மூடியே போயிருந்தது, உள்ளங்கால் இரண்டும் வீங்கிக் கறுத்திருந்தன. அவனை என் காலடியில் குப்புறப் போட்டார்கள். இன்ஸ்பெக்டர் என் மோவாயை லத்தியால் நிமிர்த்தினார்.

“நீ மட்டும் தனியாச் சொல்லு. நிஜம்னா தானா வரும். நீ திக்கி நிக்கிற ஒவ்வொரு தடவைக்கும் இவனுக்கு ஒண்ணு விழும்.”

முதல் எழுத்திலேயே நின்றேன். லத்தி அவன் முதுகில் இறங்கியது. பதறினால் எங்களுக்கு இன்னும் அதிகமாகப் பூட்டிக்கொள்ளும். மறுபடி நின்றேன், மறுபடி விழுந்தது. மங்கம்மாவின் கை தொடைக்குப் போனது, ஏட்டு அந்தக் கையை மிதித்தான். என் நாக்கைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது. நான் பேசப் பேச அவன் சாகிறான். வாயை இறுக மூடிக்கொண்டேன்.

நீலமேகம் தலையைத் தூக்கினான். உதட்டிலிருந்து ரத்தம் கோழையோடு சேர்ந்து தொங்கியது.

“சொ... சொல்லு நைனா. நீ கம்னு இருந்தா என்னிய தூ... தூக்குல போட்டுருவானுங்க.”

சொன்னேன். ஞாயிறு என்பதற்கு இரண்டு அடி. சாயங்காலத்துக்கு எத்தனையோ, எனக்குத் தெரியாது. அவன் பெயரில் ரொம்ப நேரம் நின்றேன், அதற்குள் அவன் அலறல் முனகலாகிவிட்டது. நான் அழுதுகொண்டே சொன்னேன், மூக்கு ஒழுகச் சொன்னேன், ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. எங்க கூடதான் இருந்தான் என்று கடைசியில் வந்து சேர்ந்தபோது ஏட்டுக்கு மூச்சு வாங்கியது.

பொய் சொல்ல வந்தவன் இத்தனை அடிக்குப் பாதியிலேயே ஓடியிருப்பான் என்று இன்ஸ்பெக்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ரைட்டரைக் கூப்பிட்டு, இவன் சொன்னதை வாக்குமூலமாக எழுதிக்கொள், எழுதி முடித்ததும் கீழே கிடக்கிற அந்த நாயை விட்டுவிடு என்றார். மங்கம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

ரைட்டர் வயசானவர். பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, முதல் தடவையாக அந்த ஸ்டேஷனில் தன்மையாக ஒரு வார்த்தை பேசினார்.

“உன் பேரு இன்னாப்பா?”

திக்குவாய்க்காரனைக் கேட்டுப் பாருங்கள். அவனுக்கு எந்த வார்த்தையும் சொந்தப் பெயரைப்போல் கஷ்டம் இல்லை. என் பெயர் சவரிநாதன். எழுதுவதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது. ஏட்டு லத்தியை இன்னும் கீழே வைக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். என் காலடியில் கிடந்த நீலமேகம் இரண்டு கையையும் மெதுவாகத் தூக்கித் தன் தலையைப் பொத்திக்கொண்டான்.