மழுங்காத கத்திரி

என் வீட்டுக்காரர் சஜீவனுக்குக் கை அசைந்தால்தான் வாய் அசையும். லுணுகலை டவுனில் இரும்புச் சாமான் கடையில் நாள் முழுக்க நின்று ஊர்க்கதை எல்லாம் கேட்டுக்கொண்டு வருவார். வந்து சும்மா உட்கார்ந்தால் ஒரு சொல் உதிராது. நான் தேயிலைக் கொழுந்து வெட்டும் கத்திரியை எடுத்து, சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்து நாலு இழுப்பு இழுத்தார் என்றால் போதும். யார் கடைக்கு வந்தார்கள், யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் தானாக வரும்.

பனியும் கொழுந்துச் சாறும் பட்டால் இரும்பு கறுத்துத் துருப்பிடிக்கும். அதனால் தினமும் சாயங்காலம் எங்கள் லயத்து வீட்டு இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், அவர் தீட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தபடி கேட்பேன். நாங்கள் குடும்பம் நடத்துவதே அந்த நேரத்தில்தான்.

அதற்குத்தான் வேட்டு வைத்தார் எங்கள் தோட்டத்தின் உதவி அதிகாரியான சின்னதுரை. ஒருநாள் காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுக்கும்போது என்னைக் கூப்பிட்டுப் புதுக் கத்திரி ஒன்றைக் கொடுத்தார். அலகு இரண்டும் தங்க நிறம்.

“தங்கமாங்க ஐயா?” என்று பக்கத்தில் நின்ற அடுத்த வீட்டுக் கம்சலா கேட்டாள்.

“தங்கமில்ல, டைட்டேனியம் பூச்சு. காத்தில்லாத பெட்டிக்குள்ள வச்சு, ஆவியாக்கிப் படிய விடுறது. முடியைவிட மெல்லிசு, ஆனா இரும்பைவிடக் கெட்டி. துருப்பிடிக்காது, லேசில மழுங்காது. நிரோஜா ஒரு மாசம் வெட்டிப் பார்க்கட்டும். நல்லா இருந்தா எல்லாருக்கும் எடுக்கலாம்.”

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சும்மா சொல்லக்கூடாது, வெண்ணெயை வெட்டுவதுபோல் வெட்டியது. சாயங்காலம் துணியால் ஒரு துடை துடைத்தால் கறை போய்விட்டது. சஜீவன் கட்டைவிரலால் கூர் பார்த்தார்.

“இதுக்கு நான் தேவையில்லை” என்று சொல்லிவிட்டு, கத்திரியைச் சுவரில் மாட்டினார். அன்று வேறொன்றும் பேசவில்லை.

மறுநாளும் பேசவில்லை. சும்மா இருக்க முடியாமல் அடுப்படிக் கத்தியைத் தீட்டினார். வெங்காயம் அரியப்போய் என் விரல்தான் அரிபட்டது. பிறகு மண்வெட்டி. தீட்ட எதுவும் மிச்சமில்லை என்றானதும் போனை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்றாகிவிட்டது என் பாடு. கம்சலா வீட்டுப் பேச்சுச் சத்தம் சுவர் தாண்டி வரும்போது எனக்கு அழுகையே வந்தது.

ஒரு சாயங்காலம் பொறுக்க முடியாமல் போயிற்று. அவர் வருவதற்குள் கல்லை எடுத்து வைத்து, அந்தத் தங்கப் பூச்சைத் தேய்த்தெடுத்துவிடுவது என்று உட்கார்ந்தேன். கை வலிக்கத் தேய்த்தேன். அது என்னைப் பார்த்துப் பளபளத்ததே தவிர, ஒரு பொட்டுக்கூட உரியவில்லை.

“என்ன புள்ள செய்யுற?” வாசலில் சஜீவன் நின்றார்.

“மழுங்கிருச்சுங்க.”

வாங்கி விரல் வைத்துப் பார்த்தார். கூர் அப்படியே இருந்தது. கல்லைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சட்டையைக் கழற்றி மாட்டினார்.

“கல்லுதான் தேயும். இங்க கொண்டா” என்று பக்கத்தில் உட்கார்ந்தார். கல்லைத் தள்ளி வைத்துவிட்டு, துணியை எடுத்து அலகை மேலும் கீழும் மெதுவாகத் துடைக்கத் தொடங்கினார். ஏற்கெனவே சுத்தமாக இருந்ததைத்தான் துடைத்தார்.

“இன்னைக்குப் பெரகலயில இருந்து ஒரு ஆளு கடைக்கு வந்தாரு பாரு...” என்று ஆரம்பித்தார். அன்று பிளேன்டீயை இரண்டாம் தடவை சூடாக்க வேண்டியிருந்தது.

மாசம் முடிந்ததும் சின்னதுரை கேட்டார்: “எத்தனை தடவை தீட்டவேண்டி வந்துச்சு?”

“ஒருக்காகூட இல்லீங்க ஐயா. எல்லாருக்கும் எடுத்துக் குடுங்க” என்றேன். பொய் சொல்லி மற்றவர்கள் கையை வலிக்க வைப்பானேன்?

அன்று சாயங்காலமும் கத்திரியைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன்.

“மழுங்கிருச்சா?” என்றார்.

“ஆமாங்க.”

நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.