மாவுக்கட்டுக்குள் ஒரு குதிகால்

...வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இந்த அரிப்புத்தான் ஆளைக் கொல்கிறது, முழங்கால்வரை இறுகிக் கிடக்கும் மாவுக்கட்டுக்குள் ஈர்க்குச்சியை விட்டால் கெண்டைக்காலோடு நின்றுவிடுகிறது, குதிகாலுக்கு எட்டுவதில்லை, தலையணைகள்மேல் ஏற்றிவைத்த காலை மாரப்பன் முறைத்தான், யாருடைய காலோ போல... முதலில் நல்லேப்பிள்ளி வைத்தியர் மூங்கில் தப்பை வைத்து முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் பூசிக் கட்டினார், மறுநாளே பாதம் கருத்துக் கொப்புளம் கிளம்ப, வண்டி பூட்டிப் பாலக்காட்டு ஆஸ்பத்திரி. அங்கே வீக்கம் வடிய ஒரு வாரம் படுக்கை, பிறகு டாக்டர் குதிகாலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நசுக்கினாரே, அப்பா! எலும்பு நொறுங்கி அகன்றுவிட்டதாம், அதை ஒடுக்கத்தான் அந்த நசுக்கு. நசுக்கிக்கொண்டே கேட்டார், "எங்கிருந்து குதிச்சீர்?" "குதிக்கலீங்க, உழுந்துட்டனுங்க." "தவறி விழுந்தா இடுப்போ கையோ போயிருக்கும். இது காலை ஊன்றிக் குதிச்சவன் எலும்பு."

குதிக்கவில்லை, குதிக்கவில்லையே... மாட்டுச்சாளைக்கு ஓலை மாற்றும்போது கூரைமேல் வைத்துத்தானே தம்பி அர்த்தநாரி பாகம் பிரிக்கச் சொன்னான், பேச்சு முற்றி இவன் எழுந்து நின்றான், தம்பியின் கை தோளில் பட்டது, தள்ளவா, பிடிக்கவா? "உழுந்துருவே, உக்காருண்ணா" என்றானே, தள்ளுகிறவன் அப்படியா சொல்வான்? அந்தக் கை பட்டதுதான் பொறுக்கவில்லை, விடுடா என்று உதறி... களத்துக் கல் குதிகாலிலிருந்து உச்சந்தலைவரை இடித்தது. ஓடிவந்தவர்களிடம் வாயில் வந்தது, "தம்பி தள்ளிப்போட்டானுங்க." ஊரே காறித் துப்பியது, அர்த்தநாரி பெண்டாட்டியோடு வேலந்தாவளத்து மாமனார் வீட்டுக்குப் போய்விட்டான், ஒரு வார்த்தை மறுக்கவில்லை, ஏன் மறுக்கவில்லை, மறுத்திருக்கலாமே படுபாவி...

பூவாத்தாள் கஞ்சியோடு வந்தாள். "ஏனுங்க, நாளைக்கு வேலந்தாவளம் சந்தைக்கு வண்டி போகுதுங்க. கொழுந்தனுக்கு ஏதாச்சும் சொல்லியுடோணுங்களா?" சாதாரணமாகத்தான் கேட்டாள், சாதாரணமாகத்தானா? அன்று ஆஸ்பத்திரியில் இவள் எங்கே நின்றாள், கட்டிலோரம், இவன் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு... டாக்டர் சொன்னது காதில் விழாமலா இருக்கும்? இத்தனை நாளும் கழுவித் துடைத்துக் காலைத் தூக்கி வைக்கிறாளே, புருஷனிடம் ஒரு கேள்வி கேட்டாளா?

"கால் செரியாவட்டும், நானே போயிச் சொல்லிக்கிறேன்."

"செரிங்க." அவள் போகவில்லை. "வெள்ளிக்கெழம கட்டு வெட்டறாங்கல்லங்க."

வெள்ளிக்கிழமை... அது வந்துவிட வேண்டும் என்றா இத்தனை நாளும் சாமியை வேண்டிக்கொண்டு கிடந்தான், வந்துவிடக் கூடாது என்றா?