இடப்பக்கம் விலகும் குறி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் வாயில் மிச்சமிருக்கும் நாலு சொந்தப் பல்லின் மீது சத்தியம். கட்டிய பல் செட்டின் மீதும் தனியாக ஒரு சத்தியம். ஓர் எழுத்து பொய்யாக இருந்தாலும் அத்தனை பல்லும் போய், ஆயுசுக்கும் கஞ்சியே கரைத்துக் குடிக்கிறேன்.

லிப்ட் மெக்கானிக் ஒருவர், லீவு நாள் மத்தியானத்தில் தன் வீட்டு டிவிக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பழைய காலத்து டிவி. முன்பக்கம் கண்ணாடி, பின்பக்கம் கர்ப்பிணி மாதிரி தள்ளிக்கொண்டிருக்கும். பக்கத்தில் வீடியோ கேம் பெட்டி. அதில் தட்டு சுடும் ஆட்டம்: திரையில் தட்டுகள் பறந்து வரும், பிளாஸ்டிக் துப்பாக்கியால் சுட வேண்டும். கல்யாணமான புதிதில் புருஷனும் பெண்டாட்டியுமாக ஆடத் தொடங்கியது. தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தின் புண்ணியத்தில் அவருக்குப் பாத்திரம் கழுவுவதில் நல்ல கைத்தேர்ச்சி.

அவள் இப்போது பயணிகள் கப்பல் ஒன்றின் சலவைக்கூடத்தில் மேற்பார்வை வேலை பார்க்கிறாள். கடன் இல்லை, சண்டை இல்லை. கடலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள், அவரும் சரி என்றார். கிளம்பிய அன்று பெட்டி கனத்துவிட்டது. இரண்டு புடவை, ஒரு போர்வை எல்லாம் வெளியே வந்தன. துண்டில் சுற்றிய ஒரு பொருளை மட்டும் எடுக்கவே முடியாது என்று பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

மாடியில் குடியிருக்கும் மச்சான், அதாவது அவள் தம்பி, வாசலில் வந்து நின்றான்.

"என்ன மாமா, டிவிக்குப் பின்னாடியே குடித்தனம் வச்சுட்டீங்களா?"

"எல்லாம் உன்னாலதான் மச்சான். மூணு கலர் வயரைக் கொண்டாந்து மாட்டினே பாரு, அன்னையிலேருந்து துப்பாக்கிக்குக் காது அடைச்சுப் போச்சு."

"அக்கா வந்து பாக்கறப்ப படம் பளிச்சுனு இருக்கட்டுமேன்னுதான்."

"பளிச்சுனுதான் இருக்கு. சுடத்தான் முடியல."

விஷயம் இதுதான். அந்த டிவி படத்தைக் கோடு கோடாக, இடமிருந்து வலமாக எழுதும். ஒவ்வொரு கோடும் தொடங்கும்போது கேம் பெட்டி 'டிக்' என்று ஒரு சைகை அனுப்பும். துப்பாக்கியின் கண் வெளிச்சப் புள்ளியைப் பார்க்கும். டிக்குக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டு, குறி எங்கே என்று கண்டுபிடிக்கும். முன்பெல்லாம் அந்த டிக் மஞ்சள் வயரில் வந்தது. மச்சான் மாட்டிய மூன்றில் பச்சைக்குள் ஒளிந்துகொண்டது. பச்சையிலிருந்து ஒரு கிளை பிரித்துத் துப்பாக்கிக்குக் கொடுத்தால் போதும். ஒரு முழம் வயர் வேலை.

ஆனால் லிப்ட்காரர்கள் வயரைக் குறைத்து வெட்ட மாட்டார்கள். மாடிக்கு மாடி கொஞ்சம் தொங்கலுக்கு விட்டுத்தான் பழக்கம். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. லிப்ட் வேலையில் மிஞ்சிய வயர் உருளையை உருட்டி வந்து, ஒரு நுனியைப் பச்சையிலும் மறு நுனியைத் துப்பாக்கியிலும் பற்றவைத்தார். நடுவில் பத்து மாடிக் கட்டடத்துக்கான வயர், கூடம் முழுக்கப் பாம்புப் பண்ணை மாதிரி கிடந்தது.

தட்டைக் குறிவைத்துச் சுட்டார். அதற்கு ஒரு சாண் இடப்பக்கத்தில், வெறும் வானத்தில் பட்டது. டிக் இவ்வளவு வயரையும் சுற்றிக்கொண்டு தாமதமாக வந்து சேர்ந்தால் கணக்குக் குறையத்தானே செய்யும்? வேறு ஆளாக இருந்தால் வயரை வெட்டியிருப்பார். இவர் இன்னும் கொஞ்சம் சேர்த்தார், லிப்ட்காரர் புத்தி. இந்த முறை குண்டு திரையை விட்டே இறங்கி, இடப்பக்கச் சுவரில் தொங்கிய காலண்டரில் இரண்டு தாளைக் கிழித்தது. இன்னொரு சுருள் சேர்த்தார். ஜன்னலுக்கு வெளியே காய்ந்துகொண்டிருந்த மச்சான் சட்டையின் மேல் பொத்தான் தெறித்தது.

அவர் கையை இறக்கிவிட்டு இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல், தெரு, பஸ் நிலையம், அதற்கப்பால் துறைமுகம். கடலும் அந்தப் பக்கம்தான்.

மறுநாளிலிருந்து வேலை முடிந்து வந்ததும் வயர் சேர்ப்பதே தொழில். ஒரு சாயங்காலம் அவள் போன் செய்தாள்.

"ஏங்க, இன்னைக்கு ஒரு கூத்து. துணி மடிச்சுக்கிட்டு இருக்கேன், தோள்ல யாரோ தட்டின மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பாத்தா ஈ காக்கா இல்ல."

"காத்தா இருக்கும்."

"கப்பலோட அடித்தட்டுல ஏதுங்க காத்து?" சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அடுத்த பயணத்துக்கும் இருக்கியான்னு கேக்கறாங்க. ராத்திரிக்குள்ள கையெழுத்துப் போடணுமாம். என்ன சொல்லட்டும்?"

'வந்துடு' என்பது ஒரு சொல். நெஞ்சில் கிளம்பி, தொண்டையில் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிப்ட் மாதிரி நின்றுவிட்டது.

"உனக்கு எது சரின்னு படுதோ..."

"எனக்குத் தெரியாதா அது? உங்களைக் கேட்டேன்."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வாயால் ஆகாததைக் குறியால் முடிப்பது என்று அவர் முடிவு செய்தார். அவள் கையெழுத்துப் போடும் பேனாவைத் தட்டிவிட வேண்டும். ஆனால் அவள் தோளில் தட்டிய நேரத்துக்கு இப்போது கப்பல் இன்னும் தள்ளிப் போயிருந்தது. உருளையிலோ வயர் தீர்ந்துவிட்டது. கொல்லைக்குப் போய், அவள் துணி காயப்போடும் இரும்புக் கம்பியை இரண்டு பக்கமும் அவிழ்த்தார். அவள் மாட்டிவைத்துப் போன கிளிப்புகள் அதில் அப்படியே இருந்தன. ஒன்றைக்கூட எடுக்க மனம் வராமல், கிளிப்புகளோடு சேர்த்தே கம்பியை முறுக்கி ஒட்டவைத்தார்.

மச்சான் பொத்தான் போன சட்டையோடு இறங்கி வந்தான். கூடத்தில் கிடந்த வயரையும் மாமா நீட்டியிருந்த கையையும் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"மாமா..."

"சத்தம் போடாத மச்சான். குறி தப்பிடும்."

மச்சான் வயரை மிதிக்காமல் தாண்டித் தாண்டி மேலே போய்விட்டான்.

திரையில் ஒரு தட்டு மெல்ல எழும்பியது. அவள் அவருக்குப் பின்னால் நின்று முழங்கையைப் பிடித்துச் சரிசெய்யும்போது சொல்வாளே, மூச்சை விடாதீங்க என்று, அப்படியே மூச்சை விடாமல் சுட்டார். தட்டு சேதாரமில்லாமல் பறந்து மறைந்தது. கம்பியில் கிளிப்புகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. மேசை மேல் போன் அடிக்கத் தொடங்கியது.

துண்டில் சுற்றிய பொருளைப் பிறகு சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு துப்பாக்கி. அது அன்றே அவளோடு போய்விட்டது. இவர் இத்தனை நாளும் எதை நீட்டிச் சுட்டார் என்று என்னைக் கேட்காதீர்கள், மச்சான் பார்த்தது வெறும் கையைத்தான். இப்போதும் கப்பலின் அடித்தட்டில், அவள் படுக்கைக்கு மேலே ஒரு கொக்கியில், வயர் எதிலும் செருகாமல் தொங்கி, அலைக்கு அலை ஆடிக்கொண்டிருக்கிறது.