சொன்ன இடத்துக்கு மட்டும்

காந்த வளையம் அக்காவின் வயிற்றுக்கு நேர்மேலே இறங்கி நின்றதும், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தங்கை, அந்தச் சிகிச்சையை உருவாக்கிய ஆய்வுக்குழுவில் ஒருத்தி, காந்தத்தைத் திருப்பும் கைப்பிடியைத் தொட்டாள். ஸ்பீக்கரில் அக்காவின் குரல் வந்தது.

"மெதுவா ஓட்டுடி. நீ சைக்கிளையே நேரா ஓட்டினதில்ல."

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், தங்கையைத் தவிர. ரத்தக்குழாய்க்குள் விட்டிருந்த மெல்லிய குழாய் வழியாக ரோபோக்கள் இறங்கின. தூசியை விடப் பொடியானவை. ஆளுக்குக் கொஞ்சம் மருந்து சுமந்தவை. காந்தம் திரும்பினால் கூடவே திரும்புபவை. திரையில் அவை ஒரு சாம்பல் புகையாகத் தெரிந்தன. ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் தங்கை கைப்பிடியை இடப்பக்கம் ஒடித்தாள். புகை சொன்ன பேச்சு கேட்டுக் கல்லீரலில் இருந்த புற்றுநோய்க் கட்டிக்குள் புகுந்தது. டாக்டர் அவள் தோளைத் தட்டினார்.

அந்தத் தட்டலுக்காகத்தான் எல்லாம் செய்தோமோ என்று பிறகு அவளுக்குத் தோன்றியது. முதலில் கட்டியை வெட்டியெடுக்க ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். "எதுக்குக்கா வயித்தைக் கிழிச்சுக்கணும்? எங்க சிகிச்சைக்குக் கொஞ்சம் பொறு" என்று தடுத்தவள் அவள்தான். தங்கள் சிகிச்சையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள். தன் கையால் தன் அக்கா பிழைக்க வேண்டும் என்ற ஆசை வேறு. அதை நோயாளிக்குச் செய்வதற்கான அனுமதியோ இன்று நாளை என்று இழுத்துக்கொண்டே போனது. அக்கா ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த ஸ்கேனில் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. டாக்டர் முகம் மலர்ந்து அதைக் காட்டினார். அடுத்த படத்தைப் போட்டதும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். முதுகெலும்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள்.

"அங்கயும் அனுப்பிப் பார்க்கலாமா டாக்டர்?"

"ஒரு இடம்னா அனுப்பலாம். இது தெளிச்சு விட்ட மாதிரி இருக்கும்மா. இனிமே உடம்பு முழுக்கப் போற மருந்துதான்."

"அன்னிக்கே ஆபரேஷன் பண்ணியிருந்தா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதை யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது."

வராந்தா பெஞ்சில் அக்கா காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ஆடிய கால் நின்றது.

"கட்டி கரைஞ்சுதுல்ல? உன் வேலைய நீ ஒழுங்காத்தான் பண்ணியிருக்க."

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். "நான்தான்க்கா உன்னை நிறுத்தி வெச்சேன்."

"நீ சொன்ன, நான் கேட்டேன். எனக்குக் கத்தின்னா பயம். அந்தப் பயத்துக்கு உன் பேச்சு நல்ல சாக்கா இருந்துச்சு." அக்கா எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அதுக்காக உன்மேல கோவமே இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. அதை நான் பாத்துக்கறேன்."

அக்காவே முதலில் எழுந்தாள். "எனக்குள்ள போச்சே, அதுங்களை நான் பார்க்கவே இல்லையே. காட்டு."

ஆய்வுக்கூடத்தில் தங்கை, ரோபோக்கள் மிதக்கும் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து, காந்தத்தின் திருகை அக்காவின் விரல்களுக்குள் கொடுத்தாள். அக்கா குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். திருகை மெல்ல அசைத்தாள்.

"ஐயோ, மொத்தமாத் திரும்புதுங்கடி!"

இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். வளைவில் வேனை ஒடிப்பவள்போல அவள் தோளும் சேர்ந்து சாய்ந்தது. மூடும் நேரமாகி, பக்கத்து அறைகளைப் பூட்டும் சத்தம் கேட்டது. அறை விளக்கை அணைக்க ஸ்விட்சில் வைத்த விரலை எடுக்காமலும் அழுத்தாமலும் தங்கை நின்றுகொண்டிருந்தாள்.