ஒட்டுத்தோல்

துறைமுகத்தில் பத்து வருஷமாகத் தினக்கூலிக்குச் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டிய இன்னாசியின் பெயர் 1971 சித்திரையில் நிரந்தர வேலைப் பட்டியலில் வந்தது. மருத்துவப் பரிசோதனையன்று வரிசையில் நின்றவர்களுக்கு ஆளுக்கொரு நம்பர் போட்ட பாட்டில் கொடுத்து, சுவரோரம் போய்ச் சிறுநீர் பிடித்து வரச் சொன்னார்கள். எல்லோரும் சேர்ந்து நின்றார்கள். இன்னாசி காலி பாட்டிலை ஜன்னலில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

அவனுக்கு ஓதம். கொசு கடித்து விதை வீங்குவது ராயபுரத்தில் புதிதில்லை. ஆனால் இன்னாசிக்கு மாதாமாதம் குளிர்ஜுரம் வந்து, ஒவ்வொரு தடவையும் தோல் இன்னும் தடித்துத் தொங்கியது. ஆண்குறி கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் புதைந்துபோய், ஒரு குழி மட்டும் மிஞ்சியது. சிறுநீர் அதன் வழியே தொடையில் வழியும். வேலைக்குப் போகும் நாளில் தண்ணீர் குடிக்கமாட்டான். மனைவி சிலுவையம்மாளுக்கு வீக்கம் தெரியும், இது தெரியாது. அவன் கதவோரம் தனிப்பாயில் படுத்து ஆறு வருஷம். அவள் ஏனென்று கேட்பதையும் விட்டிருந்தாள்.

பாட்டில் நம்பரைப் பார்த்து டாக்டர் மறுநாள் ஆள்விட்டு அழைத்தார். கதவைச் சாத்திவிட்டு, கைலியை விலக்கச் சொல்லிப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா?"

"ஆறு, சார்."

"யார்கிட்டயும் காட்டலையா?"

"இத்த இன்னான்னு சார் காட்றது?"

டாக்டர் சிரிக்கவில்லை. "அது எங்கேயும் போயிடலை. உள்ளேதான் இருக்கு, வெளியே எடுத்துடலாம்" என்று ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். பரிசோதனைக்கு மூன்று மாதம் தவணையும் கொடுத்தார். இன்னாசிக்குப் பயமும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

ஆபரேஷன் அறையில் முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. விழித்தபடியே கிடந்தான். அறுத்தெடுத்த சதை தட்டில் விழுந்த சத்தம் கேட்டது. "நாலு கிலோ இருக்கும்" என்றார் யாரோ. தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி ஆண்குறியைச் சுற்றி ஒட்டித் தைத்தார்கள். வேறு யாருக்கோ நடப்பதுபோல அவன் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் நாள் கட்டுப் பிரிக்கும்போது, வீட்டில் மருந்து வைக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று நர்ஸ் சிலுவையம்மாளைத் திரைக்குள் கூப்பிட்டாள். நடந்ததையெல்லாம் ஆஸ்பத்திரி டாக்டர் அவளுக்கு விளக்கிச் சொன்னார். அவர்கள் போனபிறகு அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இத்தினி நாளா இதானா?"

"ம்."

"நானு ரோசின்னு நெனச்சினுருந்தேன்."

ரோசி அவளுடைய சித்தப்பா மகள், புருஷனை இழந்தவள். கல்மண்டபத்தில் இருந்தாள். கூரை மாற்ற இன்னாசி இரண்டு தடவை அங்கே போயிருந்தான்.

"அவகூட நான் பேசியே ஆறு வருசமாச்சுய்யா. அவ அம்மா சாவுக்குக்கூடப் போவல."

"நீ கேக்கவேயில்லியே."

"நீ சொன்னியா?"

அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தபிறகு தினம் காலையில் அவள்தான் தேங்காயெண்ணெய் தடவினாள்.

"தெரியுதா?"

"நீ தொட்றது தெரியல. கை வர்றது தெரியுது."

நுனியில் உணர்ச்சி இருக்கும், ஒட்டிய தோலில் இருக்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அவள் தலையாட்டிவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துப்போனாள். ஆடியில் அவன் பரிசோதனையில் தேறினான். நிரந்தர வேலைக்கான அட்டை கிடைத்தது. கூட வேலை செய்பவர்கள் முதுகில் தட்டினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சிலுவையம்மாள் ரோசியின் முன்னால் போய் நின்றாள்.

"ரோசி, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்."

ரோசி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "எங்கம்மா கேட்டுகினே செத்தா, சிலுவ எங்கேன்னு. இப்ப இன்னா சொல்லப் போற?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. கூட்டத்தோடு நடந்து போய்விட்டாள்.

கோயில் கேட்டருகே நின்ற இன்னாசி எல்லாவற்றையும் பார்த்தான். அழுகை வரும் என்று நினைத்தான். வரவில்லை. சிலுவையம்மாள் அவனிடம் வந்தாள்.

"அடுத்த வாரமும் வருவா" என்றாள். "மறுக்கா போய் நிப்பேன்."

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.