கடைசி அடியில் பேர்

நான் சௌக்கத் அலி. தண்டையார்பேட்டையில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். தொப்பி போடுவது வெள்ளிக்கிழமை மட்டும். ஆனால் 2003இல் எடுத்த அந்த ஆவணப்படத்தைப் பார்த்தால், தொப்பியோடுதான் பிறந்தேன் என்று நினைப்பீர்கள்.

எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டுவதை எதிர்த்து நெட்டுக்குப்பம் மணலில் கச்சேரி. கிடார் பசங்கள், பறை, கானா எல்லாம் ஒரே மேடையில். படம் எடுக்க அடையாற்றிலிருந்து மாளவிகா வந்திருந்தார். நல்ல பெண், குறை சொல்ல முடியாது. எல்லா சமூகமும் படத்தில் தெரிய வேண்டும் என்பதுதான் அவர் கவலை. எனக்காகவே ஒரு தொப்பி வாங்கி வந்து, மாட்டிவிட்டு, முன்வரிசையில் உட்கார வைத்தார். ஆளில்லாத ஆம்ப்ளிஃபயர் அங்கே ஊளையிட்டது. ஒற்றுமைக்காக அதையும் பொறுத்துக்கொண்டோம்.

அன்றைக்கு மேடையை அள்ளிக்கொண்டு போனவள் வியாசர்பாடி செங்கொடி. கானாவில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டுக் கட்டியவர் கடைசி அடியில் தன் பேரையும் பேட்டையையும் சொல்லித்தான் முடிக்க வேண்டும். பாட்டுக்கு அதுதான் பத்திரம். செங்கொடி கட்டிய பாட்டுகளைச் சாவு வீடுகளில் ஆம்பளைகள் தங்கள் பேரைப் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். கேட்டால், பொம்பளைக்கு எதற்குக் கானா என்று சிரிப்பார்கள்.

"படத்துல என் மூஞ்சியும் பேரும் வந்துச்சுன்னா, அப்பால எவன் இன்னா பண்ணுவான் பாய்?" என்றாள். அதற்காகவே கல்யாணப் பட்டு, அப்பிய பவுடர், முழம் முழமாக மல்லி. படம் பிடிக்க வருகிறார்கள் என்றால் எங்கள் பக்கம் யார் அழுக்குச் சேலையில் நிற்பார்கள்?

அங்கேதான் காரியம் கெட்டது. மாளவிகாவின் முகம் சுருங்கியது. "குரல் அற்புதம்க்கா. ஆனா இந்தப் பட்டுல போராட்டம் தெரியலையே."

அடுத்த வருஷம் அதே மணலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டார்கள். மைக் செட் நம்முடையதுதான். செங்கொடி அதே பட்டைக் கட்டிக்கொண்டு, அந்தக் கானா ஆம்பளைகளையும் விடாமல் கூட்டி வந்திருந்தாள்.

பாட்டு தொடங்கியது. குரல் செங்கொடியுடையது. முகம், சேற்றில் இறால் தடவும் கத்திவாக்கம் சிலுவையம்மாளுடையது. வெற்றிலை மெல்லும் அவள் வாய், பாடுவது போலவே இருந்தது.

"அய்யே, எனக்குப் பாடவே வராதே!" என்று கூட்டத்தில் இருந்த சிலுவையம்மாள் கூவினாள். நடுநடுவே தொப்பியோடு நான், நாலு தடவை. கடைசி அடியை வெட்டிவிட்டு அலைச் சத்தம் வைத்திருந்தார்கள். ஆம்பளைகள் சிரித்தார்கள்.

செங்கொடி அழுதுகொண்டே எழுந்தாள். படத்தின் சத்தத்தை அடக்கிவிட்டு அவள் கையில் மைக்கைக் கொடுத்தேன். நேராகப் போய்த் திரைக்கு முன்னால் நின்று பாட ஆரம்பித்தாள். சிலுவையம்மாளும் சேறும் என் தொப்பியும் அவள் பட்டின் மேல் ஓடின.

முன்வரிசைச் சிறப்பு விருந்தினர் எரிச்சலோடு திரும்பினார். "யாருங்க இந்தம்மா? படத்தை மறைக்கிறாங்க."

"கடைசி அடி வரிக்கும் குந்து சார்," என்றேன். "அவளே சொல்லுவா."

சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்தேன். சொன்னாள்.